வலிப்பு வரும் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன்: எங்கள் கூனிக்குச் செய்த விதம்

கூனிக்கு இப்போது மூன்று வயது. சென்னை காசிமேட்டில் வலை பின்னும் கொட்டகை ஓரம் மழையில் நனைந்து கிடந்தவளை என் தம்பி லுங்கி மடிப்பில் வைத்துத் தூக்கி வந்தான். சென்னாக்கூனி என்ற பொடி இறால் அளவுதான் இருந்தாள், அதுவே பெயராகிவிட்டது. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்களுக்கு ஒரே அறை வீடு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து, புடவைக்கு ஃபால் அடித்துக் கொடுக்கிறேன். தையல் மிஷினுக்கு அடியிலேயே அவள் வளர்ந்தாள். ஏழாவது மாதத்தில் முதல் வலிப்பு வந்தது. ஒன்றேகால் வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். நடுவில் இருந்த அந்த எட்டு மாதத்தில், "ஃபிட்ஸ் வர்ற பூனைக்கு மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்காது" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். நான் நம்பினேன். அதனாலேயே தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட நாட்களில்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டாள்.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வலிப்பு வரும் பூனைக்கும் இந்த ஆபரேஷனைப் பாதுகாப்பாகச் செய்யலாம். ஆனால் வலிப்பு எதனால் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதை அடக்கிவைத்திருக்க வேண்டும், டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஆபத்துதான்.

செய்யாமல் விட்டால்

பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நம் ஊர் வெயிலில் அதற்கு இன்ன மாதம் என்று கிடையாது, வருடம் முழுக்க வரும். ஆண் பூனையோடு சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அதே கத்தல், அதே உருளல். அந்த நாட்களில் உடம்பில் ஏறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூளையைத் தூண்டிவிடக்கூடியது. மனிதர்களிலும் மாதவிடாயை ஒட்டி வலிப்பு கூடும் பெண்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இது தெரிந்தது தினசரிக் காலண்டரால்தான். வலிப்பு வந்த நாளில் தாளைக் கிழித்துப் போடாமல், பின்பக்கம் நேரத்தையும் எத்தனை நிமிடம் என்பதையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கத்திய நாட்களையும் அப்படியே எழுதினேன். டாக்டர் எல்லாத் தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். நான்கு வலிப்பில் மூன்று, பருவ நாட்களுக்குள் விழுந்திருந்தன. "இவளுக்கு ஆபரேஷன் பண்ணாம இருக்கிறதுதான்மா ஆபத்து" என்றார். உங்கள் பூனைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். எழுதி வையுங்கள், தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு கிளினிக்கில், வலிப்பு இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம், பருவம் வராமல் இருக்க ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். ஒரு தடவை போட்டும்விட்டேன், இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன். அந்த ஹார்மோன் ஊசி பூனைகளுக்கு மடி வீக்கம், கருப்பையில் சீழ், சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் கொண்டுவரக்கூடியது. மனிதர்களின் கருத்தடை மாத்திரையை உடைத்துப் பாலில் கலந்து கொடுப்பவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வலிப்பு எதனால் என்று முதலில் பாருங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் இதற்காகக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். டாக்டர் பூனையைத் தொடுவதற்கு முன்பே என்னைக் கேட்ட கேள்வி, "என்னம்மா சாப்பாடு போடுற?"

பெருமையாகச் சொன்னேன், தினமும் ஏலத்திலிருந்து வந்த பச்சை மீன் என்று. மத்தி, நெத்திலி, சில நாள் மீன் தலை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சில மீன்களில் தயமினேஸ் என்று ஒன்று இருக்கிறது, மத்தியும் நெத்திலியும் அந்தக் கூட்டத்தில் சேரும். அது உடம்பில் இருக்கும் பி1 வைட்டமினை உடைத்துவிடும். பச்சை மீனையே தின்று வளரும் பூனைக்கு பி1 குறைந்து கழுத்து முன்னால் தொங்கும், தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். கடலோரத்தில் பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அன்றிலிருந்து கூனிக்கு அவித்த மீனும் கோழியும்தான், கூடவே பி1 ஊசியும் சில நாள் போட்டார்கள்.

அடுத்த கேள்வி, வீட்டில் நாய் இருக்கிறதா, உண்ணி மருந்து எதாவது போட்டீர்களா என்று. நாயின் முதுகில் விடும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் ஈரலால் அதைக் கழிக்க முடியாது. பூனைக்குத் தடவினாலும் சரி, மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும் சரி, நடுக்கமும் வலிப்பும் வரும். எங்களுக்கு நாய் இல்லை.

பிறகு மாடியிலிருந்து விழுந்தாளா, எலி மருந்து தின்றிருப்பாளா, சாப்பிட்டவுடன் எச்சில் ஒழுக மந்தமாகிறாளா என்றெல்லாம் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வி ஈரலுக்காக. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகும் கோளாறு இருக்கும். வளர்ச்சி குன்றியிருக்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும். அந்தப் பூனைக்கு மயக்க மருந்து சட்டென்று கழியாது, சாதாரண ஆபரேஷன் மாதிரி செய்துவிட முடியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை கட்டாயம்: ரத்த அணுக்கள், சர்க்கரை, ஈரல், சிறுநீரகம், கால்சியம். ஈரலில் சந்தேகம் இருந்தால் பித்த அமிலப் பரிசோதனையும் எழுதுவார்கள். செலவைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள். நான் இரண்டு கல்யாண ஜாக்கெட் ஆர்டர் காசை இதற்கு வைத்தேன். ஏழெட்டு வயதுக்கு மேல் முதல் வலிப்பு வரும் பூனைக்கு ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத பூனை திடீரென்று குணம் மாறி, சீறி, எச்சில் ஒழுகி, வலிப்பும் வந்தால் ரேபிஸாகவும் இருக்கலாம். கையால் தூக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கூனியின் ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மீனை மாற்றிய பிறகும் அடுத்த பருவத்தில் வலிப்பு வந்தது. அதனால் பினோபார்பிட்டோன் மாத்திரை ஆரம்பித்தார்கள். பூனைகளுக்கு வலிப்புக்கென்று பெரும்பாலும் கொடுப்பது இதுதான். 2.8 கிலோ எடைக்கு, 30 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, காலை 7 மணி, இரவு 7 மணி. இது அவளுக்கான அளவு, உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் தள்ளாடினாள், தூங்கித் தூங்கி விழுந்தாள், பயந்துபோனேன். பிறகு தெளிந்துவிட்டாள். மருந்து ரத்தத்தில் நிலைத்து நிற்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதன் பிறகு அளவைப் பரிசோதித்தார்கள். சில பூனைகளுக்கு லெவிடிரசிட்டம் என்ற வேறு வலிப்பு மருந்து கொடுக்கிறார்கள், அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுக்க வேண்டும். நாய்க்கு எழுதிய பொட்டாசியம் புரோமைடு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது பூனையின் நுரையீரலைக் கெடுக்கும்.

வலிப்பு வரும்போது என்ன செய்வது என்பதும் இந்த இடத்திலேயே. முதல் தடவை எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கூனியின் காலில் வைத்து அழுத்தினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் விரல் விடாதீர்கள், பூனை நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். பக்கத்தில் இருக்கும் பொருட்களை நகர்த்துங்கள், விளக்கை அணைத்து ஃபேனைப் போடுங்கள், ஃபோனில் வீடியோ எடுங்கள். அந்த வீடியோ நூறு வார்த்தைக்கு மேல் டாக்டருக்கு உதவும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

தேதி குறிப்பது

மாத்திரை ரத்தத்தில் நிலைத்து, சில வாரங்களாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகு செய்வது நல்லது. போன வாரம்தான் வலிப்பு வந்தது என்றால் அவசரம் காட்டாதீர்கள். பருவத்தில் இருக்கும் நாட்களில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அந்த வாரம் முடிந்த பின் செய்யலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

அப்புறம் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வழியில் தண்ணீர் தேங்கிவிட்டால் வேப்பேரிக்கு ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் போகும், இரவில் அவசரம் என்றால் கதி கலங்கிவிடும். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மேளமும் வெடியும் விடியவிடியப் போகும். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் அம்பத்தூரில் அமைதியான தெருவில் இருக்கும் என் அத்தையிடம், அப்படி ஏதாவது ஆனால் இரண்டு நாள் கூனியோடு வந்து தங்குவேன் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன்.

காலையில் முதல் ஆபரேஷனாகக் கேட்டு வாங்குங்கள். பகல் முழுக்க டாக்டர் கண்ணெதிரில் இருக்கும். மாலையில் செய்துவிட்டு இரவு 8 மணிக்குக் கையில் கொடுத்தால், ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது?

டாக்டரிடம் என்ன கேட்பது

மயக்க மருந்து பெயர்களை வைத்துச் சண்டை போடாதீர்கள். நான் போட்டேன், பலன் இல்லை. கெட்டமைன் வலிப்புக்கு ஆகாது என்று ஒரு டாக்டர் சொன்னார். இன்னொருவர், அடங்காத வலிப்பை நிறுத்தவே இப்போது கெட்டமைன் கொடுக்கிறோம், கூட வலிப்பை அடக்கும் டயஸிபாமோ மிடசோலாமோ சேர்த்துக் கொடுத்தால் பயமில்லை என்றார். ஏசிப்ரோமசின் மருந்திலும் இதே கதை: வலிப்பைத் தூண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும், பின்னால் நாய்களிடம் செய்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, இருந்தாலும் பலர் தவிர்க்கிறார்கள்.

நான் கேட்டு நிம்மதி அடைந்த கேள்விகள் வேறு. ஊசி போட்டு முடித்ததும் விட்டுவிடுவீர்களா, அல்லது தொண்டையில் குழாய் போட்டு ஆக்ஸிஜனும் ஐசோஃபுளூரேன் வாயுவும் கொடுப்பீர்களா? கையில் சலைன் ஊசி ஏற்றியே வைத்திருப்பீர்களா? வலிப்பு வந்தால் போட மருந்து ஏற்கெனவே சிரிஞ்சில் தயாராக இருக்குமா? விழிக்கும்வரை பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பினோபார்பிட்டோன் ஏற்கெனவே தூக்கம் தருவது என்பதால் மயக்க மருந்தின் அளவைக் கணக்குப் பார்த்துக் குறைப்பீர்களா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் டாக்டரிடம் நம்பிக் கொடுக்கலாம். ஒரே நாளில் முப்பது பூனைக்குச் செய்யும் முகாம்கள் தெருப் பூனைகளுக்குப் பெரிய சேவை செய்கின்றன, ஆனால் வலிப்புப் பூனைக்கு அது இடமில்லை.

மயக்கத்தில் ஆழ்ந்திருக்கும்போது வலிப்பு வருவது அரிது, மயக்க மருந்தே அதை அடக்கும். விழிக்கும் நேரமும் அதற்கடுத்த ஓரிரு நாளும்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய நேரம்.

அன்று காலை மாத்திரை

நிறையப் பேர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். "வெறும் வயித்தோட கொண்டு வாங்க" என்று சொன்னால், மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தத்தான் இருந்தேன். முந்தைய நாள் மாலை எதற்கும் கேட்டுவிடுவோம் என்று ஃபோன் செய்தேன். "ஐயோ, மாத்திரையை நிறுத்தாதம்மா, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். ஒரு வேளை தவறினாலும் அடங்கியிருந்த வலிப்பு எழலாம், அதுவும் பயணம், பயம், மயக்கம் எல்லாம் சேர்ந்த அந்த ஒரு நாளில்.

எங்களுக்குச் சொன்ன முறை: இரவு 1 மணிக்கு எழுந்து கடைசிச் சாப்பாடு, 7 மணிக்கு மாத்திரை மட்டும். சாப்பாட்டில் வைத்துக் கொடுக்க முடியாது, அதனால் வாயில் போட்டு, சிரிஞ்சால் கன்னப் பக்கமாக ஒரு வாய் தண்ணீர் விட்டேன். வெறும் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். 9 மணிக்கு ஆபரேஷன். பட்டினியை முந்தைய நாள் மாலையிலிருந்தே ஆரம்பிக்காதீர்கள். வளர்ந்த பூனைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பெரும்பாலும் போதும், குட்டிக்கு இன்னும் குறைவு. அளவுக்கு மீறிப் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கலாம், குறிப்பாகக் குட்டிகளுக்கு, அதுவே வலிப்புக்குக் காரணமாகலாம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழக்கூடைக்குள் என் பழைய நைட்டியை விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து நாடாவால் கட்டி, துணி போர்த்திக் கொண்டுபோனேன். ஆட்டோ அண்ணாவிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன், விஷயம் தெரிந்ததும் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார்.

வீட்டுக்கு வந்த இரவு

மாலை 5 மணிக்குக் கையில் கொடுத்தார்கள். கண் விரியத் திறந்திருந்தது, தலை ஆடியது, நாக்கை நீட்டி நீட்டி நக்கினாள், கால்கள் விறைத்து நீந்துவது மாதிரி அசைந்தன. வலிப்பு என்றே நினைத்து எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் "கூனீ" என்று கூப்பிட்டால் காது திரும்பியது, நெற்றியைத் தொட்டால் கண் சிமிட்டினாள். அது மயக்கம் தெளியும் ஆட்டம். வலிப்பு என்றால் கூப்பிடுவது காதில் விழாது, தாடை கடகடவென்று அடிக்கும், எச்சில் நுரைக்கும், சிறுநீர் போய்விடும். சந்தேகமாக இருந்தால் வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள்.

தரையில் சாக்கு, அதன்மேல் போர்வை. மயக்கம் தெளியாத பூனையின் உடம்பு சில்லென்று ஆகிவிடும், அதனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன், உடம்பில் ஒட்டாமல். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க முடிகிறவரை தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது. இரவு மாத்திரையை 7 மணிக்குக் கொடுக்க முடியவில்லை. டாக்டரைக் கேட்டு, இரண்டு வாய் கோழிச் சாறு குடித்த பிறகு 9 மணிக்குக் கொடுத்தேன். தூக்கம் அதிகமாக இருக்கிறதே என்று நீங்களாக அந்த வேளையை விட்டுவிடாதீர்கள்.

லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை மூடி, மேலே அம்மியை வைத்தேன். வலிப்புப் பூனை உள்ள வீட்டில் எந்த நாளும் திறந்த டிரம் இருக்கக்கூடாது. பரணுக்கு ஏறும் ஏணியையும் வெளியில் எடுத்துவிட்டேன்.

வலிக்கிறதே என்று டோலோ, குரோசின் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். சீட்டில் டிரமடால் என்ற வலி மருந்தோ, என்ரோஃபுளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கோ எழுதியிருந்தால், "இவளுக்கு ஃபிட்ஸ் உண்டு, இது சரிதானா" என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டும் வலிப்பைக் கிளப்பக்கூடியவை என்று எச்சரிக்கை உண்டு. கூனிக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு வலிப்பு வந்தது, ஒரு நிமிடத்துக்குள். நின்றதும் முதலில் தையலைத்தான் பார்த்தேன், பிரியவில்லை. தையலைச் சுற்றி வீக்கமோ ரத்தமோ இருந்தால் அன்றே காட்ட வேண்டும். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

அதன் பிறகு கத்தல் நின்றது. வலிப்பு அடியோடு நிற்கவில்லை, முன்பு இரண்டு மாதத்தில் வந்தது இப்போது வருடத்துக்கு ஒன்று. கருப்பை எடுத்ததும் வலிப்பு போய்விடும் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அடுக்கடுக்காக வரும். ஆபரேஷனுக்குப் பிறகு பூனைக்கு எடை கூடும், இந்த மாத்திரையும் பசியைத் தூண்டும். கூனி 2.8லிருந்து 3.9 ஆனாள், மாத்திரை அளவை மறுபடி ரத்தம் பார்த்து மாற்றினார்கள். சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைக் கடையில் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்கவும் இருக்காது. நான் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே புதுச் சீட்டு வாங்கிவிடுகிறேன். பொங்கல் வாரம் என்றால் இருபது நாளுக்கு முன்.